பணியாரத்துக்குள் குளிசை

தவக்காலத்தில் ஒரு வீட்டில் பயறு வறுத்தால் எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கை முழுவதும் மூக்கை உறிஞ்சும். அருள்நாயகி அன்ரி அதற்கு முன்கூட்டியே ஒரு பதில் வைத்திருந்தார். யார் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாலும், "மடுமாதாவுக்கு நேர்த்தி. அங்கை இருக்கிற பிள்ளையளுக்குக் குடுக்க" என்பார். அது பாதி உண்மை. மற்றப் பாதி, பயற்றம்மாவும் வறுத்த தேங்காய்ப்பூவும் சீனிப்பாணியும் சேர்த்துப் பிடித்த ஒவ்வோர் உருண்டையின் நடுவிலும் இருந்தது. அது ஒரு பெனிசிலின் குளிசை.

வடக்குக்கு மருந்து கொண்டுபோகத் தடை இருந்த காலம். வவுனியாச் சோதனைச் சாவடியில் தலையிடிக் குளிசை அட்டையைக்கூட எடுத்து மேசையில் வைத்துவிடுவார்கள். அன்ரியின் தங்கை செலீன் மடுவுக்குப் பக்கத்து அகதிமுகாம் ஒன்றில் இருந்தாள். அவளுடைய கடைசி மகள் ஜெனோவாவுக்குக் கெண்டைக்காலில் எறிகணைச் செல்லின் துண்டு பட்டிருந்தது. துண்டை எடுத்துவிட்டார்கள். புண் ஆறவில்லை. முகாமில் கழுவிக் கட்டத் துணி இருந்தது, மருந்து இல்லை.

நான் அந்த வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். ஊர் திருகோணமலை. பகலில் கிராண்ட்பாஸில் ஒரு தேயிலைக் களஞ்சியத்தில் பற்றுச்சீட்டு எழுதினேன். கிழமையில் மூன்று பின்னேரம் வெள்ளவத்தையில் ஆய்வுகூட உதவியாளர் வகுப்புக்குப் போனேன். வீட்டில் இருக்கும் நேரத்தில் அன்ரிக்குக் கைகொடுப்பேன். அன்றும் அப்படித்தான்.

"கொறற்றி, பாணி கம்பிப் பதம் வந்திட்டுது. மா கை சுடச்சுடப் பிடிக்கவேணும். ஆறினால் உதிரும்."

"சுடுது அன்ரி."

"சுடும்தான். பெருவிரலாலை நடுவிலை ஒரு குழி போடு. குளிசையை வை. பிறகு மூடி உருட்டு. வெடிப்பு இருக்கப்படாது, எண்ணெய்க்குள்ளை போட்டால் வாயைப் பிளந்திடும்."

குழி, குளிசை, மூடல், உருட்டல். பிறகு அரிசிமாக் கரைசலில் தோய்த்து அவர் தாச்சியில் விடுவார். பொன்னிறமாகி மிதந்து வரும். எது குளிசைப் பணியாரம், எது வெறும் பணியாரம் என்று சுட்ட அவராலேயே சொல்ல முடியாது. எல்லாமே குளிசைப் பணியாரம்தான் என்பதால் அந்தக் கவலை இருக்கவில்லை.

கிளறன்ஸ் அங்கிளுக்குத்தான் கவலை. துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக் வேலை முடித்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே குசினி வாசலில் நிற்பார்.

"என்ரை வீட்டிலை பலகாரம் சுடுது. எனக்குக் குடுக்கிறது தாச்சிக்கு அடியிலை கிடக்கிற தூள்."

"தவக்காலம். இனிப்பு விட்டிருக்கிறன் எண்டு பாதரிட்டைச் சொன்ன ஆள் ஆர்?"

"இனிப்பு விட்டனான். வாசத்தை விடேல்லையே."

அன்ரி சிரிக்கமாட்டார். ஜெனோவாவின் செய்தி வந்த நாளிலிருந்து அவரும் தேத்தண்ணீரில் சீனி போடுவதை விட்டுவிட்டார். அதைத் தவம் என்று யாரும் நினைக்கக்கூடாது என்பதுபோல், சீனி போத்தலை மேசையில் வைத்துக் கரண்டியையும் வைத்துவிட்டு, போடாமல் குடிப்பார். மீன் வாங்கிய நாளில் நடுத்துண்டை அங்கிளுக்கும் எனக்கும் வைத்துவிட்டுத் தலையை எடுத்துக்கொள்வார். எல்லோரும் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று பஸ்ஸில் இடம் கிடைத்தது தனக்குத்தான், தங்கைக்கு இல்லை என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு சொல்லவில்லை.

குளிசைகளை ஸாலிஹ் நானாவின் மருந்துக்கடையில் அட்டை அட்டையாக வாங்கினோம். ஒரேயடியாக வாங்கினால் கேள்வி வரும் என்று அன்ரி ஒரு நாள், நான் ஒரு நாள், அங்கிள் ஒரு நாள்.

"வீட்டுல எல்லாருக்கும் தொண்டை நோவா புள்ள?" என்று நானா கேட்டார்.

"ஓம் நானா."

"ஒரே கிழமைல மூணு பேருக்கும். அல்லா லேசாக்கட்டும்." அட்டையைத் தாளில் சுற்றித் தந்தார். "ஈரத்துல வெக்காம இரிங்க. கடல் காத்து இதுக்கு ஆகாது."

அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை.

பொதியைக் கொண்டுபோகிறவர் பிறிஜெற் சிஸ்டர். கொச்சிக்கடைப் பக்கத்து மடத்தில் இருப்பவர். மாதம் ஒருமுறை மடுவுக்குப் போய்வருவார். குளிசையைப் பற்றி அவருக்குச் சொல்லவேயில்லை.

"தெரிஞ்சால், ஆமிக்காரன் கேக்கேக்கை அவ பொய் சொல்லவேணும்" என்றார் அன்ரி. "கன்னியாஸ்திரியைப் பொய் சொல்ல வைக்க ஏலாது. பாவம் என்னோடை கிடக்கட்டும்."

செலீனுக்கு மட்டும் விளங்கும்படி ஒரு துண்டில் எழுதி அனுப்பினார். பிள்ளைக்கு மட்டும் குடு, மற்றப் பிள்ளைகளுக்குக் குடுக்காதே, மூன்று நேரமும் ஒவ்வொன்று, நடுவைப் பார்த்துச் சாப்பிடச் சொல்லு. முதல் பொதி அப்படிப் போயிற்று. தகர ரின்னில் கொள்ளாமல் மிஞ்சிய சிலவற்றை அன்ரி அடுத்த முறைக்கென்று அலுமாரிக்கு மேல் வைத்தார்.

வெள்ளவத்தை வகுப்பு ஒரு பழைய வீட்டின் மேல்மாடி. ஆட்டோகிளேவுக்குப் பதிலாகப் பிரஷர் குக்கர். இன்கியூபேற்றருக்குப் பதிலாக உள்ளே பல்ப் எரியும் ஒரு மரப்பெட்டி. கிருமி வளர்க்கும் கூழுக்கு ஏகார் வாங்கக் காசு போதாமல், நோன்பு காலத்தில் முஸ்லிம் வீடுகளில் பலகாரம் செய்யும் கடற்பாசியையே வாங்கி, மாட்டிறைச்சிச் சாற்றில் காய்ச்சினோம். குக்கர் விசிலடித்தால் கீழ்வீட்டார் சாப்பாடு ஆயத்தம் என்று நினைப்பார்கள். காலி வீதிப் பஸ் சத்தமும் கடலின் உப்பும் ஜன்னலால் வரும். ஹியூபேட் சேர் ஜன்னலை மூடச் சொல்லுவார். "வெள்ளவத்தைக் காத்திலை இருக்கிற கிருமி எனக்கு வேண்டாம். நான் தாற கிருமியை மட்டும் வளருங்கோ."

சேர் ஏதோ ஓர் ஆய்வுகூடத்தில் காலமெல்லாம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒரு பின்னேரம், கிருமியைக் கொல்லும் பொருட்களைச் சோதிக்கும் பாடத்தைத் தொடங்கினார். தட்டில் கூழ் உறைந்ததும் அதன்மேல் கிருமியைப் பஞ்சால் பூசவேண்டும். வடிதாளைத் துளைபோடும் பஞ்சரால் வெட்டிய சிறு வட்டங்களை ஒவ்வொரு கரைசலில் தோய்த்து மேலே வைக்கவேண்டும். அடுத்த நாள் தட்டெல்லாம் பால்போலக் கிருமி படர்ந்திருக்கும். மருந்து வேலை செய்திருந்தால் தாளைச் சுற்றி ஒரு வட்டம் தெளிவாக இருக்கும்.

"அடுத்த முறை வீட்டிலையிருந்து ஆளுக்கொரு சாமான் கொண்டு வாருங்கோ. மஞ்சள், உள்ளி, டெற்றோல், சவர்க்காரம், எதுவும். ஆனால் மற்றவன் கொண்டு வராத சாமான் கொண்டு வாறவைக்கு என்னட்டை மதிப்பு."

எனக்கு அந்த மதிப்பு வேண்டியிருந்தது. வகுப்பில் இருப்பவர்களில் நான்தான் கேள்வி கேட்கப் பயந்தவள். மஞ்சளையும் உள்ளியையும் எல்லோரும் கொண்டு வருவார்கள். யாரும் கொண்டு வராத சாமான் எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் இருந்தது. அன்ரி கோயிலுக்குப் போயிருந்தபோது கதிரையில் ஏறி ஒன்றை எடுத்து மெழுகுதாளில் சுற்றினேன். கேட்டிருந்தால் தந்திருப்பாரோ தெரியாது. கேட்கவில்லை.

கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். பெண் பொலிஸ் ஒருத்தி என் பையைத் திறந்து மெழுகுதாளை விரித்தாள்.

"மே மொகத?" இது என்ன என்று கேட்டாள்.

"கெவும் வகே எகக், மிஸ்." அவர்களுடைய புதுவருடப் பலகாரமான கெவும் மாதிரி ஒன்று என்றேன். எங்கள் பலகாரத்தை அவர்களுக்கு விளக்க அதைவிட வார்த்தை என்னிடம் இல்லை.

அவள் விரலால் அமத்திப் பார்த்தாள். மேல்தோல் கொஞ்சம் வெடித்தது. விரலில் பட்ட எண்ணெயைத் தன் லோங்ஸ் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, "அவுருது தவம நே நே," புதுவருடம் இன்னும் வரவில்லையே என்று சிரித்துப் போகச் சொன்னாள். பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் நினைத்தேன். ஒரு பணியாரத்துக்கே எனக்கு இப்படியென்றால், ரின் நிறையக் கொண்டுபோகும் சிஸ்டருக்கு ஒன்றும் தெரியாமலிருப்பது எவ்வளவு நல்லது.

பணியாரத்தை உடைத்துக் குளிசையை எடுத்தேன். வெள்ளையாக இருக்கவேண்டியது மங்கலான மஞ்சளாக, மாவோடு ஒட்டிப்போயிருந்தது. தோண்டி எடுத்துக் கரைத்து, தாளைத் தோய்த்து வைத்தேன். என்ன என்று கேட்ட சேருக்கு, "பெனிசிலின், பலகாரத்துக்குள்ளை வைச்சது" என்றேன். அவர் தலையாட்டினார். ஏன் என்று கேட்கவில்லை. கொழும்பில் அப்போது யாரும் அதிகம் கேட்பதில்லை.

அடுத்த வகுப்பில் தட்டுகளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தோம். டெற்றோலைச் சுற்றி வட்டம். உள்ளியைச் சுற்றிக்கூட மெல்லிய வட்டம். என்னுடைய தாளைச் சுற்றி ஒன்றுமில்லை. கிருமி தாளின் விளிம்புவரை வந்து நின்றது. மாத்தூள் சிந்திய இடத்தில் மற்ற இடத்தைவிடத் தடிப்பாக வளர்ந்திருந்தது.

"கிருமி சீனி கண்டிருக்கு" என்றார் சேர். "விருந்து வைச்சிருக்கிறீர்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு சேர் என் பக்கத்து வாங்கில் வந்து இருந்தார்.

"இதைக் கொண்டு ஒண்டும் சொல்லப்படாது. ஒரு தட்டு, ஒரு தாள். உமக்குக் கை நடுங்கியிருக்கலாம். கரைசல் தண்ணியாப் போயிருக்கலாம். ஒப்பிட நல்ல குளிசை ஒண்டு வைச்சனீரா?"

"இல்லை சேர்."

"அப்ப உமக்கு என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது சேர்."

"சரி. அதிலையிருந்து தொடங்கும். அட்டையிலையிருந்து நேரா எடுத்த குளிசை ஒண்டு. அண்டைக்கே சுட்ட பலகாரத்திலை இருந்து ஒண்டு. பழசிலை இருந்து ஒண்டு. மா மட்டும் ஒண்டு. எல்லாம் ஒரே தட்டிலை. பிறகு கதைப்பம்."

அந்தக் கிழமை அன்ரி இரண்டாவது பொதிக்குச் சுட்டார். நான் குழி போட்டேன், குளிசை வைத்தேன், மூடினேன். பாணியின் சூடு விரல் நுனியைச் சுட்டது. அந்தச் சூடு குளிசையை என்ன செய்யும் என்று நினைத்தபடியே உருட்டினேன். தெரியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சேரும் அப்படித்தானே சொன்னார், ஒன்றும் சொல்லப்படாது என்று. என் கை சரியில்லை. என் கரைசல் சரியில்லை. என்னைச் சந்தேகிப்பது எனக்கு லேசான வேலை. அந்த வேலையின் மறைவில் ஒரு கிழமை வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"என்ன, இண்டைக்குக் கதையைக் காணேல்லை?" என்றார் அன்ரி. "வகுப்பிலை பேச்சு வாங்கினனியே?"

"கொஞ்சம்."

"வாங்கினால் என்ன. படிக்கிற பிள்ளை. இந்தா, இந்தத் தூளைச் சாப்பிடு. உன்ரை அங்கிள் வர முதல்."

சாப்பிட்டேன். மிளகும் சீரகமும் பயறும் மணக்க, இன்னும் சூடாக இருந்தது.

இரண்டாவது தட்டு வந்தபோது பிழை பிடிக்க எதுவும் மிஞ்சவில்லை. அட்டையிலிருந்து நேராக எடுத்த குளிசையைச் சுற்றி ஒரு ரூபாய்க் குற்றியைவிடப் பெரிய வட்டம், கண்ணாடிபோல. அன்று சுட்டதைச் சுற்றி அதைவிடச் சின்ன வட்டம். பழையதைச் சுற்றி ஒன்றுமில்லை. மாவைச் சுற்றி விருந்து.

"பெனிசிலினுக்குச் சூடு கூடாது. ஈரம் அதைவிடக் கூடாது" என்றார் சேர். இந்த முறை அவர் குரலில் பகிடி இல்லை. "எண்ணெய்க்குள்ளை கொஞ்சம் செத்திருக்கும். மிச்சம் பாணிக்குள்ளை நாள் போகப்போகச் செத்திருக்கும். இது எங்கையோ தூரம் போற பலகாரமா?"

"ஓம் சேர்."

"போய்ச் சேர எத்தினை நாள்?"

நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். அவர் தட்டை மூடித் துணியால் சுற்றினார்.

"அப்ப போற சாமான் வெறும் பலகாரம். மருந்து எண்டு நம்பிக்கொண்டு இருக்கிறவைக்கு அது வெறும் பலகாரத்தையும்விடக் கூடாது. அவை வேறை மருந்து தேடமாட்டினம்."

கிளறன்ஸ் அங்கிளிடம் முதலில் சொன்னேன். ஒருவர் எனக்குப் பதிலாக அன்ரியிடம் சொல்லிவிடுவார் என்ற ஆசைதான். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக் கோயிலுக்கு அவர் வேலையிலிருந்து நேராக வருவார். சனம் நெருக்கியடித்த வாசலில், மெழுகுதிரி விற்கும் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். அவர் கேட்டு முடிந்ததும் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார்.

"உனக்கு நல்லாத் தெரியுமே?"

"ரெண்டு முறை பாத்தாச்சு அங்கிள்."

"ரெண்டு முறையும் நீதானே பாத்தனீ."

"சேரும் பாத்தவர்."

அவர் ஒரு மெழுகுதிரி வாங்கினார். கொளுத்தாமல் கையில் வைத்திருந்தார்.

"அவளுக்குச் சொல்லாதை பிள்ளை. முதல் பொதி போயிட்டுது. திருப்பி எடுக்க ஏலாது. ரெண்டாவதும் போகட்டும். அங்கை பிள்ளை சாப்பிடுதெண்டாவது அவளுக்கு ஒரு நிம்மதி. அதையும் பறிச்சால் அவள் இருக்கமாட்டாள். உனக்கு அவளைத் தெரியாது. பஸ்ஸிலை ஏறின நாளையிலையிருந்து அவள் ஒழுங்கா நித்திரை கொள்ளேல்லை."

"ஜெனோவாவின்ரை கால் அங்கிள்?"

"கால் கடவுள் பாப்பார்." சொல்லிவிட்டுக் கோயிலுக்குள் பார்த்தார். தான் சொன்னது கேட்டுவிட்டதோ என்பதுபோல. "நானும் பாவிதான். என்ன செய்யச் சொல்லுறாய்?"

என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை. வியாழன் பின்னேரம் பிறிஜெற் சிஸ்டர் இரண்டாவது பொதியை எடுக்க வந்தார். அடுத்த நாள் விடிய அவருக்குப் பயணம். முன்னறையில் கதிரையைத் துடைத்து இருக்க வைத்து, அன்ரி ஒரு பிளேன்ரீ கொண்டுவந்தார். மேசையில் ரின், அதைச் சுற்றித் துணி. வேலையால் வந்த அங்கிளும் நானும் பக்கத்தில் இருந்தோம்.

"பிள்ளை எப்பிடி சிஸ்டர்? போன முறை பாத்தனீங்களே?"

"பாத்தனான். மெலிஞ்சு போனாள். காய்ச்சல் விட்டு விட்டு வருது. கால் வீங்கித்தான் இருக்கு." சிஸ்டர் தேத்தண்ணீரை வாயில் வைக்காமல் கையில் பிடித்திருந்தார். "முகாமிலை மருந்து கட்டுற பொடியன், வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லி செலீனுக்குச் சொல்லியிருக்கிறான். அவள் மாட்டனெண்டிட்டாள். அக்கா அனுப்பினது சாப்பிடுறாள்தானே, அது முடியட்டும், பாப்பம் எண்டு."

அன்ரியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். "அப்ப ஒழுங்காக் குடுக்கிறாள்."

"குடுக்கிறாள். அதுதான் எனக்குச் சரியில்லை. சாப்பிடேக்கை மற்றப் பிள்ளையள் சுத்திவர நிண்டு பாக்குதுகள். குடுக்கப்படாது எண்டு செலீன் தடியோடை நிக்கிறாள். நான் அங்கை நிக்கேக்கை ஜெனோவா ஒண்டை உடைச்சுப் பக்கத்துக் குடிலிலை இருக்கிற பெட்டைக்குக் குடுத்து, அடி வாங்கினவள். அந்தக் காலோடை."

அங்கிள் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை வேண்டாம் என்றது. ஒழுங்கையில் ஒரு மரக்கறி வண்டிக்காரன் சிங்களத்தில் கூவிக்கொண்டு போனான். அவன் குரல் முடிந்ததும் சொல்லலாம் என்று காத்திருந்தேன். முடிந்தது.

"அன்ரி, அந்தக் குளிசையிலை ஒண்டுமில்லை."

"எந்தக் குளிசை?" என்றார் அன்ரி, சிஸ்டரைப் பார்த்துக்கொண்டே. சிஸ்டருக்கு முன்னால் அந்தச் சொல்லை நான் சொன்னதுதான் அவருக்கு முதலில் பட்டது.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பத் தொடங்க எனக்கு முடியாது. அலுமாரிக்கு மேலிருந்து எடுத்ததைச் சொன்னேன், தட்டைச் சொன்னேன், வட்டத்தைச் சொன்னேன். அட்டைக் குளிசைக்கு இவ்வளவு வட்டம், அன்று சுட்டதுக்கு இவ்வளவு, பழையதுக்கு ஒன்றுமில்லை என்று விரலால் மேசையில் வரைந்து காட்டினேன். பாணியின் சூடும் எண்ணெயின் சூடும் ஈரமும் என்று சேர் சொன்னதைச் சொன்னேன். மேசை விரிப்பில் என் விரல் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது.

அன்ரி மெதுவாகக் கேட்டார். "நான் சுட்டதாலையா?"

"சுட்டதாலையும். ஈரத்தாலையும்."

"நான் ஆற விட்டுப் பிடிச்சிருந்தால்?"

"ஆறினால் உதிரும் எண்டு நீங்கள்தான்..." முடிக்கவில்லை.

அவர் தன் கைகளைப் பார்த்தார். எண்ணெய் தெறித்த பழைய தழும்புகளுக்குமேல் புதியவை சிவந்திருந்தன.

"எப்ப தெரியும் உனக்கு?"

"போன கிழமை ஒரு சந்தேகம். செவ்வாய்க்கிழமை நிச்சயம்."

"ஒரு கிழமையா மனசிலை வைச்சுக்கொண்டு, எனக்குப் பக்கத்திலை இருந்து குழி போட்டனீ. நான் தந்த தூளையும் சாப்பிட்டனீ."

மேசையிலிருந்து கையை எடுத்தேன்.

"செவ்வாய்க்கிழமை எனக்கும் தெரியும்" என்றார் அங்கிள். "சொல்ல வேண்டாமெண்டு நான்தான் மறிச்சனான்."

அன்ரி அவரைப் பார்க்கவேயில்லை. சிஸ்டரின் பக்கம் திரும்பினார். கைகூப்ப எடுத்த கையைக் கூப்பாமல் மடியில் போட்டார்.

"சிஸ்டர், உங்களுக்குச் சொல்லாமல் உங்கடை கையிலை குடுத்து விட்டனான். அதுவும் பிழை."

சிஸ்டர் அப்போதுதான் தேத்தண்ணீரை ஒரு வாய் குடித்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "போன முறை வவுனியாவிலை ஒரு ஆமிப் பொடியன் ரின்னைத் திறந்து ஒண்டை எடுத்து வாயிலை போட்டான். கேட்டுப்போட்டு எடுக்கேல்லை. கடிச்ச உடனை முகம் சுருங்கிச்சு. துப்பிப் போட்டுக் கையிலை வைச்சுப் பாத்தான். பிறகு என்னைப் பாத்தான். எனக்கு அப்பதான் விளங்கினது. அவனும் சின்னப் பொடியன்தான். ரின்னை மூடி, யன்ன சிஸ்டர், போங்கோ எண்டான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லையோ, அதுக்காகத்தான். தெரியாத மாதிரி இருந்தால் அடுத்த முறையும் கொண்டு போகலாம் எண்டு நினைச்சன்." கோப்பையைக் கீழே வைத்தார். "மருந்து எண்டு நானும் நம்பினன். ஆஸ்பத்திரிக்குப் போகாட்டியும் பரவாயில்லை எண்டு, அந்தப் பொடியனுக்குப் பக்கத்திலை நிண்டு பேசாமல் வந்தனான்."

அப்படி நான்கு பேர் அந்த முன்னறையில் இருந்தோம், ஆளுக்கொரு பங்கோடு. அந்தப் பங்குகளைக் கூட்டிப் பார்த்தால் முகாமில் அந்தச் சிறுமிக்கு விழுந்த அடிக்கு வந்து நிற்கும் என்று எனக்குத் தோன்றியது. அது சரியான கணக்கா என்று தெரியாது.

சிஸ்டர்தான் எழுந்தார்.

"நான் நாளைக்கு வெளிக்கிடுறன். முகாமுக்குப் போன உடனை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்ப வவுனியாவுக்கு வாறன். ஆமியிட்டைப் பயணப் பாஸ் எடுத்துத் தர அங்கை பாதர் இருக்கிறார். செலீன் மறிச்சால், அக்கா சொன்னவ எண்டு சொல்லவேணும். சொல்லலாமே?"

"சொல்லுங்கோ. நான் பிழை விட்டிட்டன் எண்டு சொல்லுங்கோ. அப்பதான் விடுவாள்."

"வழிக்கு நல்ல குளிசை கொஞ்சம் தாரும். அட்டையோடை. என்ரை பைக்குள்ளை கிடக்கட்டும். விடிய வந்து எடுக்கிறன்."

"கேட்டால்?" என்றார் அங்கிள்.

"கேட்டால் உண்மையைச் சொல்லுவன். எடுத்தால் எடுக்கட்டும். கேக்காட்டி நானாச் சொல்லமாட்டன். கனபேர் கேக்கிறதில்லை கிளறன்ஸ், இந்த உடுப்பைக் கண்டால்."

அங்கிள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஸாலிஹ் நானாவின் கடைக்குப் போனார். அன்ரி மேசையில் இருந்த ரின்னைத் திறந்து, துணியில் கொட்டினார். பொன்னிறமாக உருண்டன. ஒவ்வொன்றாக உடைத்து நடுவைத் தோண்டினார். நானும் கீழே இருந்து உடைத்தேன். பீரிஸ் தட்டு ஒன்றில் குளிசைகள் சேர்ந்தன. சில இன்னும் வெள்ளை. சில மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. திரும்பி வந்த அங்கிள் உடைந்த பணியாரக் குவியலைப் பார்த்தார். உயிர்ப்புப் பெருநாள்வரை பொறுக்கமாட்டேன் என்று ஒவ்வொரு நாளும் பகிடி விட்டவர், ஒரு துண்டும் எடுக்கவில்லை.

"இதை என்ன செய்யிறது?"

"கொட்டுங்கோ. கோழிக்கும் போடாதேங்கோ, மருந்துத்தூள் கிடக்கு."

அவர் அள்ளிக்கொண்டு போனார். அன்ரி குசினிக்குள் போய்ப் பயற்றம்மாப் பேணியை இறக்கினார். மிச்சம் இருந்த தேங்காயை எடுத்து என் முன்னால் வைத்தார். திருவு என்று சொல்லவில்லை. நான் திருவினேன். அடுப்பில் பாணி காய்ந்தது. அவர் கரண்டியைத் தூக்கிக் கம்பிப் பதம் பார்த்தார்.

"இன்னும் சீனி போடு" என்றார். "எல்லாப் பிள்ளையளுக்கும் காணவேணும். ஜெனோவா தன்ரை கையாலை குடுக்கட்டும். நடுவைப் பாத்துச் சாப்பிடத் தேவையில்லை எண்டு சிஸ்டர் சொல்லட்டும்."

"ஓம் அன்ரி."

அவர் என்னை மன்னித்தாரா என்று அந்த முகத்தில் தெரியவில்லை. மாவை என் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான். நான் ஒரு பிடி எடுத்து உருட்டினேன். கை சுட்டது. பெருவிரல் தன்பாட்டில் நடுவில் ஒரு குழி போட்டது. வைப்பதற்கு ஒன்றுமில்லை. அன்ரியின் விரலும் அதே குழியைப் போட்டுவிட்டு நின்றதைப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் அந்த வெறுங்குழியைப் பார்த்தார். பிறகு மூடி, வெடிப்பு இல்லாமல் உருட்டி, அடுத்ததை எடுத்தார். அதிலும் குழி விழுந்தது. கடைசி உருண்டைவரை இருவருக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை.